முளைக்காத விதையும் கசக்கும் சுரையும்: விதைப் பீரோவுக்கு வரும் புகார்களும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய இரும்பு பீரோ நிற்கிறது. உள்ளே துணிமணி கிடையாது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், மாத்திரை டப்பா என்று கிடைத்ததிலெல்லாம் விதை. வேண்டியவர்கள் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போகலாம், விளைந்த பிறகு இரண்டு பிடி கொண்டுவந்து வைக்க வேண்டும். காசு கிடையாது. அஸ்தம்பட்டி மொட்டை மாடிக்காரர்கள், அயோத்தியாப்பட்டணம் பக்கம் அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள், ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து கீழே இறங்கி வருகிறவர்கள் என்று எல்லோரும் இதில் உண்டு.

விதை திரும்பி வருவதற்கு முன்னால் புகார் வந்துவிடும். "உங்க விதை சரியில்லைங்க." நோண்டிப் பார்த்தால், கோளாறு தெரிகிற இடம் ஒன்றாகவும் அது நடந்த இடம் வேறாகவும் இருக்கும். நடந்தது பெரும்பாலும் ஒரு பட்டம் (விதைப்புப் பருவம்) முன்னால், வேறொருவர் தோட்டத்தில் அல்லது வேறொருவர் சமையலறையில். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு புகாருக்கும் பின்னோக்கி நடந்து பார்ப்பதுதான் முறை. அப்படி நடக்க முடிய வேண்டுமானால் பொட்டலத்தின் மேல் நாலு விவரம் எழுதியிருக்க வேண்டும்: ஊரில் அதை என்ன பெயரில் சொல்கிறார்கள், எந்த மாதம் எந்த வருடம் எடுத்தது, மலையா கீழேயா, எத்தனை செடியில் எடுத்தது. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை.

"ஒன்றுகூட முளைக்கவில்லை"

முதலில் விதையையும் மண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே பாட்டிலில் இருந்து 20 விதை எடுத்து, ஈரமான பருத்தித் துணியில் இடைவெளி விட்டுப் பரப்பி, சுருட்டி, ஒரு டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக் கூடாது. தட்டைப்பயறும் முள்ளங்கியும் மூன்று நாலு நாளில் மூக்கை நீட்டிவிடும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஒரு வாரம், பத்து நாள். மிளகாய்க்கும் பாகலுக்கும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

அரசு விதைச் சான்றுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் என்று ஒரு கணக்கு உண்டு. தட்டைப்பயறுக்கு 75 சதவீதம், தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் 60. நம் வீட்டு விதைக்கு இதே அளவு வர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, ஆனால் அளவுகோல் இதுதான். இருபதில் பன்னிரண்டு பாகல் முளைத்தால் நல்ல விதை. மீதி எட்டுக்காக யாரையும் திட்ட வேண்டாம்.

எங்கள் பீரோவில் இந்தச் சோதனையை ஆனி மாதக் கடைசியில் செய்கிறோம். ஆடி பிறந்தால் சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகை, அதோடு எல்லோரும் விதை கேட்டு வருவார்கள். முளைப்பாரி போட்ட பாட்டிமார்களும் பட்டத்துக்கு முன்னால் இந்த வேலையைத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். எந்த வீட்டு விதைக்குத் தெம்பு இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

துணியில் முளைத்து மண்ணில் முளைக்காவிட்டால் குற்றம் பாத்தியில். கீரை விதையை ஒரு விரல்கடை ஆழத்தில் புதைத்திருப்பீர்கள். மண் தூவினாலும் தூவாவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மேலாக இருக்க வேண்டிய விதை அது. இல்லாவிட்டால் எறும்பு இழுத்துப் போயிருக்கும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவையோ அரிசி மாவோ தூவி வைத்தால் எறும்பு அந்த வேலையில் இருக்கும், அதற்குள் கீரை முளைத்துவிடும்.

துணியிலும் முளைக்காவிட்டால், மேலே சொன்ன நாள் கழிந்ததும் அந்த விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி போட்டபடியே இருக்கிறதா? உயிர் இருக்கிறது, தோல்தான் தண்ணீரை விடவில்லை. பாகல், புடலை விதையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாக நறுக்கி, ஒரு இரவு ஊறவைத்து மறுபடி போடுங்கள். வெண்டைக்கு ஊறவைத்தாலே பெரும்பாலும் போதும். கத்தரி, கீரை போன்றவற்றில் அப்போதுதான் எடுத்த விதை சில வாரம் தூங்கும். அறுவடை செய்த வாரமே சோதித்துவிட்டு விதை செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஊதி, வழவழவென்று நாறுகிறதா? அது செத்த விதை. எப்படிச் செத்தது என்று கேளுங்கள். வயதானதாக இருக்கலாம். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே பெரிய விஷயம், தக்காளியும் கத்தரியும் ஒழுங்காகக் காய்ந்து குளிர்ச்சியில் இருந்தால் நாலைந்து வருடம் வரும். வெயிலில் வெந்திருக்கவும் கூடும். சேலத்துச் சித்திரை வெயிலில், மொட்டை மாடித் தளத்தில் தகரத் தட்டை வைத்து ஈர விதையைப் பரப்பினால் அது காய்வதற்கு முன்னால் வெந்துவிடும். முதல் இரண்டு நாள் நிழலில் காற்றாட, அப்புறம் காலை வெயிலில் துணியோ முறமோ போட்டு, பத்து மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும். வடகத்துக்கான வெயில் வேறு, விதைக்கான வெயில் வேறு.

தட்டையாக, சருகு மாதிரி வெளுத்திருக்கிறதா? முற்றாத காயிலிருந்து எடுத்தது. இந்தப் புகாரில் பாதிக்கு மேல் கத்தரிதான். எங்களுக்கு ஒரு அக்கா ஒரு டப்பா நிறைய கத்தரி விதை கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவு சுத்தமாகக் கழுவி உலர்த்தியது. இருபது பேர் வாங்கிப் போனார்கள், ஒருவருக்கும் முளைக்கவில்லை. விசாரித்தால், "குழம்புக்கு நறுக்கும்போது வழித்தெடுத்ததுங்க, வீணாக்கக் கூடாதுன்னு." குழம்புக்கு ருசியான பதம் விதைக்குப் பிஞ்சுப் பதம். கத்தரி மஞ்சளாகி, பழுப்பேறி, செடியிலேயே தோல் சுருங்க வேண்டும். வெண்டையும் பீர்க்கும் செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்க வேண்டும். வெள்ளரி ஆரஞ்சு கலந்த மஞ்சள், மிளகாய் முழுச் சிவப்பு, பாகல் வெடிக்கப் போகிற ஆரஞ்சு நிறம். பாகல் விதையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சதையைக் கழுவி எடுத்துவிடுங்கள். ஒரு செடியையோ இரண்டு காயையோ விதைக்கென்று ஒதுக்கி, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் மாமியார் பறித்துவிடுவார்.

"முளைத்தது, நாலாம் நாள் அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டது"

நாற்றழுகல். காரணம் மண்ணில் இருக்கும் பூசணமும் அதிகத் தண்ணீரும்தான், விதைமேல் பழி போட வேண்டாம். நெருக்கமாகத் தூவாதீர்கள், மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விதைக்கும் முன் டிரைகோடெர்மா விரிடி (கெட்ட பூசணத்தை அடக்கும் நல்ல பூசணத் தூள்) கலந்துகொண்டால் நல்லது. கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு, நம் கையளவு விதைக்கு ஒரு சிட்டிகை.

"தக்காளி விதை கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது" / "ஊறவைத்த கிண்ணத்திலேயே முளைத்துவிட்டது"

இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனை. தக்காளி விதையைச் சுற்றி ஒரு வழவழப்பு உண்டு, முளைப்பை அதுதான் தடுத்து வைக்கிறது. கூழோடு கிண்ணத்தில் புளிக்க விட்டு, மேலே ஆடை கட்டியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். புளிக்க விடாமல் காயவைத்தால் ஒட்டும். அதிக நேரம் விட்டால் முளைக்கும். சேலத்துக் கோடையில் ஒன்றரை நாள் போதும், ஏற்காட்டில் மூன்று நாள். காகிதத்தில் பரப்பாதீர்கள், உரிக்க முடியாது. எவர்சில்வர் தட்டு அல்லது பழைய தேங்காய் எண்ணெய் டப்பா மூடி போன்ற வழுக்கும் பொருளில் பரப்புங்கள்.

"பாட்டிலைத் திறந்தால் மக்கிய வாடை, விதைமேல் சாம்பல் பூத்திருக்கிறது"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எங்கள் பீரோ அதிகம் இழந்தது இதனால்தான்.

விதையின் ஆயுளுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே இரட்டிப்பாகும். இதை ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் வைத்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம், நம்மைவிட நல்ல குளிர்ச்சி. அப்படியானால் மலையில் வைத்த விதை நீண்ட நாள் இருக்க வேண்டும் அல்லவா? நாங்களும் அப்படித்தான் நினைத்து, மலையிலிருந்து வந்த மொச்சையை அங்கேயே ஒரு வீட்டில் சேர்த்து வைக்கச் சொன்னோம். ஐப்பசி மூட்டத்தில் அறுத்த மொச்சை. பத்து நாள் பாயில் கிடந்தும் காயவில்லை, காய்ந்த மாதிரி இருந்தது. மூடி போட்டு வைத்த டப்பா தை மாதம் திறந்தபோது முழுக்கப் பூசணம்.

மலை வைப்பதற்கு நல்லது, காயவைப்பதற்குக் கெட்டது. சேலம் அதற்கு நேர் எதிர். இப்போது மலை விதை பஸ்ஸில் சாக்கோடு கீழே வருகிறது, எங்கள் மாடியில் காய்கிறது, காற்றுப் புகாமல் மூடிய பாட்டிலில் ஒரு பங்கு திரும்ப மேலே ஏறுகிறது. கண்டக்டர்களுக்கு இந்தப் போக்குவரத்து பழகிவிட்டது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? பெரிய விதையைக் கடித்தால் பல் தடம் பதியக் கூடாது. பூசணி, சுரை விதையை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் உப்புச் சோதனை: உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் காய்ந்த தூள் உப்பு கால் பங்கு, அதன் மேல் ஒரு பிடி விதை. மூடிக் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி காயவையுங்கள். ஒட்டாவிட்டால் பயறு வகையைச் சாதாரணமாக ஒரு வருடம் வைக்கலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் இன்னும் உலர்த்த வேண்டும்.

அதற்கு சிலிக்கா ஜெல் வாங்கலாம். நாங்கள் வறுத்த அரிசிதான் போடுகிறோம். அரிசியை நன்றாகச் சிவக்க வறுத்து, மூடி வைத்தே ஆறவிட்டு (திறந்து ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை அங்கேயே குடித்துவிடும்), மெல்லிய துணியில் முடிந்து, விதையின் எடைக்குக் குறையாமல் பாட்டிலுக்குள் வைத்து இறுக்கி மூட வேண்டும். ஒரு வாரம் கழித்து அரிசியை எடுத்துவிடலாம். மறுபடி வறுத்தால் மறுபடி உழைக்கும்.

ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. நானே செய்தேன். ஆடி முதல் வாரம், வாசலில் நாலு பேர் காத்திருக்க, ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து அங்கேயே திறந்து ஆளுக்கொரு பிடி கொடுத்துவிட்டு, மூடி உள்ளே வைத்துவிட்டேன். குளிர்ந்த விதைமேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்வை மாதிரி பூத்துவிடும், அந்த ஈரத்தோடு மூடினால் கதை முடிந்தது. முதல் நாளே வெளியே எடுத்து, மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் திறக்க வேண்டும். பெரிய பாட்டிலாக வைக்காமல் சிறு சிறு டப்பாவாகப் பிரித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

பிளாஸ்டிக் கவரைப் பின் அடித்து வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம்.

"தட்டைப்பயறில் ஓட்டை, அடியில் மாவு, மூடியைத் திறந்தால் வண்டு பறக்கிறது"

"நல்லா மூடித்தானே வச்சேன், எங்கிருந்து வந்துச்சு?" என்று எல்லோரும் கேட்பார்கள். காட்டிலிருந்தே, அதாவது விளைந்த வயலிலிருந்தே வந்தது. காய் முற்றும்போதே பயறு வண்டு அதன்மேல் முட்டை வைத்துவிடும். புழு விதைக்குள் நுழைந்து, உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமாகக் கதவு வெட்டிக்கொண்டு வெளியே வரும். நம் சூட்டில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை. ஓட்டை தெரியும்போது அடுத்த தலைமுறைக்கு முட்டை வைத்தாகிவிட்டது. விதைமேல் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முட்டை.

எனவே வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. நன்றாகக் காய்ந்த பயறைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் ஒரு வாரம். முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும், விதை சாகாது. ஈரம் இருந்தால் விதையும் சேர்ந்து சாகும், ஆகவே உப்புச் சோதனை முதலில். வெளியே எடுத்ததும் ஒரு நாள் திறக்காதீர்கள், மேலே சொன்ன வியர்வைக் கதைதான்.

ஃபிரீசர் இல்லாதவர்களுக்குச் செம்மண். சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. செம்மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுக் குழம்பாக்கி, அவரை, மொச்சை, துவரையை அதில் புரட்டி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால் விதைமேல் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். வண்டால் முட்டையை ஒட்ட முடியாது. சலித்த காய்ந்த சாம்பலைப் பாட்டில் நிறைய விதையோடு கலந்து வைப்பதும் பலன் தரும், இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு வண்டு நகர முடியாது. கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவுவதும் உண்டு. நாலு வேப்பிலையை மேலே வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை வேப்பிலை வைத்தால் ஈரம்தான் சேரும். காயவைத்து, நிறைய வைத்தால் கொஞ்சம் உதவும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓட்டை விழுந்த விதையைத் திருப்பித் தராதீர்கள். சிலது முளைக்கும்தான், ஆனால் பக்கத்துப் பாட்டில்களுக்கும் வண்டு பரவும்.

"நான் வாங்கிப் போனது ஒன்று, காய்த்தது வேறு"

இரண்டு காரணம். ஒன்று, கொடுத்தவர் கடையில் வாங்கியது ஒட்டுரக விதை, அதாவது ஹைப்ரிட். அந்தச் செடி அழகாக ஒரே மாதிரி காய்க்கும், அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் பல மாதிரி. ஒன்று தாத்தா ஜாடை, ஒன்று பாட்டி ஜாடை. விதை கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, பீரோவுக்கு மட்டும் லாயக்கில்லை. பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் எங்களிடம் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று, பக்கத்துத் தோட்டத்து மகரந்தம். இதில் பயமும் அதிகம், அசட்டையும் அதிகம். பாகலைப் புடலைப் பக்கத்தில் வைத்தால் புடலை கசக்கும் என்பது பொய், அவை சேரவே சேராது. அரசாணியும் (மஞ்சள் பூசணி) சாம்பல் பூசணியும் சேராது. ஆனால் நீளச் சுரையும் குண்டுச் சுரையும் தாராளமாகச் சேரும், பீர்க்கும் நுரைப்பீர்க்கும் சேரக்கூடும், மிளகாயும் குடைமிளகாயும் சேரும், சிவப்புத் தண்டுக்கீரையும் பச்சையும் காற்றிலேயே சேர்ந்துவிடும். தக்காளி, அவரை, தட்டைப்பயறு பெரும்பாலும் தன் பூவிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் சாதி. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இவற்றைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

கலப்பு நடந்தது எப்போது என்பதில் எல்லோரும் தவறுவார்கள். இந்த வருடக் காயின் தோலும் சதையும் தாய்ச் செடியுடையது. அப்பன் யார் என்பது விதைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அடுத்த பட்டத்தில் அந்த விதை செடியாகிக் காய்த்தால்தான் வெளியே தெரியும். ஆகவே உங்கள் சுரை விசித்திரமாக இருந்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், விதை கொடுத்தவரின் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுங்கள். மக்காச்சோளம் மட்டும் விதிவிலக்கு. அங்கே நாம் பார்க்கிற மணியே விதை என்பதால் அதே வருடம் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் சுற்றிலும் தீவன மக்காச்சோளம். அங்கே நாட்டு மக்காச்சோளக் கதிர் ஒன்றை நாலு நிறத்தில் கொண்டுவந்து, "ரொம்ப அபூர்வ ரகமுங்க" என்றார் ஒருவர். அபூர்வம்தான், மறுவருடம் அதே மாதிரி வராது.

தடுக்கும் வழி: மிளகாய்க் கிளைக்குக் கொசுவலைப் பை, பிஞ்சு பிடித்ததும் கழற்றிவிட்டு அந்தக் காய்களுக்கு நூல் கட்டுங்கள். கொடிக்காய்க்கு நாமே கைச்சேர்க்கை செய்ய வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. அன்று மலரப் போகிற மொட்டு மதியமே நுனியில் நிறம் காட்டும். மூன்று நாலு மணிக்கு ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று (அடியில் குட்டிக் காய் இருக்கும்) பார்த்து நுனியை நூலால் கட்டுங்கள். இருட்டும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைப் பிய்த்து, பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிட்டு, காம்பில் புடவைக் கரைத் துண்டு ஒன்று. ஆண் பூ வேறு கொடியிலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது. அரசாணிக்கு இதையே முதல் நாள் மாலை கட்டி, காலை ஆறு ஏழு மணிக்குச் செய்ய வேண்டும். டார்ச் அடித்துக்கொண்டு பந்தலுக்குள் நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்பதை முதல் வருடம் யோசிப்பீர்கள், அப்புறம் பழகிவிடும்.

"சுரைக்காய் கசக்கிறது"

இதைத் தனியாக எழுதக் காரணம், இது விளையாட்டில்லை. சுரை, வெள்ளரி வகையில் கசப்பைத் தருவது குக்கர்பிட்டாசின் என்ற பொருள். சமைத்தாலும் போகாது. கசக்கும் சுரையைச் சாப்பிட்டால், முக்கியமாகச் சாறாகக் குடித்தால், கடும் வாந்தியும் ரத்தபேதியும் வரும். உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. நறுக்கும்போது சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை மொத்தமாகக் குப்பையில் போடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் கொடியிலிருந்து ஒரு விதையும் எடுக்கக் கூடாது, கொடியைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பீரோவுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதே பாட்டிலில் இருந்து வாங்கிய மற்றவர்களுக்கு நாங்கள் அன்றே போன் செய்வோம். யார் எதை வாங்கினார் என்று நோட்டில் எழுதுவதை ஒரு தொல்லை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது எழுத வேண்டும்.

"கொடி கூரை ஏறிவிட்டது, பூ மட்டும் இல்லை"

எந்த மாதம் விதைத்தீர்கள்? பழைய பந்தல் அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்கும். சித்திரையில் போட்டால் அதே கார்த்திகை வரை உங்கள் வீட்டுக் கூரையையே மூடும். பட்டத்தைப் பொட்டலத்தில் எழுதாமல் கொடுத்த தப்பு எங்களுடையது.

"மலையில் காய்த்த விதை, கீழே ஒன்றும் ஆகவில்லை"

ஏற்காட்டு பீன்ஸ் சேலத்துச் சூட்டில் பூ உதிர்க்கும். மார்கழியில் முயன்று பாருங்கள், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். முட்டைக்கோஸும் கேரட்டும் குளிர் பட்டால்தான் பூவுக்குப் போகும், கீழே விதை எடுக்கவே முடியாது. அவற்றின் விதை காஷ்மீர், இமாசலம் போன்ற இடங்களில் தயாராவது அதனால்தான். மேரக்காய் (கடையில் சௌசௌ) விதையைப் பிரித்து வைக்க முடியாது. முழுக் காயாக முளை வந்ததும் நட வேண்டும். ஒருவர் அதைப் பிளந்து விதையைக் காயவைத்து அழகாகப் பெயர் எழுதிக் கொடுத்தார், மறுக்க மனம் வராமல் வாங்கி வைத்தேன்.

முள்ளங்கி பூத்தும் காய் பிடிக்கவில்லை என்றால், ஒரே ஒரு செடியை விட்டிருப்பீர்கள். அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பத்துச் செடியாவது ஒன்றாகப் பூக்க வேண்டும்.

"இலையெல்லாம் மஞ்சள், சுருட்டை"

வெண்டையில் நரம்பு மஞ்சளாவதும் தக்காளியில் இலை சுருள்வதும் வெள்ளை ஈ கொண்டுவருவது. அந்தச் செடி நோஞ்சான் என்பதால் விதைக்கு வேண்டாம், ஆனால் பழைய விதையைக் குற்றம் சொல்ல முடியாது. உளுந்தில் இலை நெளிந்து தடிப்பது, பீன்ஸிலும் தட்டைப்பயறிலும் தேமல், மிளகாயில் பழத்தில் கருவளையம் விழும் அழுகல், இவை விதை வழியாகவும் தொடரும். இந்தச் செடிகளில் எவ்வளவு காய் இருந்தாலும் விதை எடுக்கக் கூடாது.

"அரசாணி கேட்டேன், பூசணி கொடுத்துவிட்டீர்கள்"

எங்களுக்கு அரசாணி, பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த மருமகளுக்குப் பரங்கி, கடைக்காரருக்கு மஞ்சள் பூசணி. கொத்தவரையும் சீனி அவரையும் ஒன்று. மூன்று பாட்டில்களில் ஒரே விதையை மூன்று வருடம் காத்து வந்தோம். இப்போது கொடுத்தவர் சொன்ன பெயரையே முதலில் எழுதி, கீழே காயின் படத்தைப் பிள்ளைகளை வரையச் சொல்கிறோம்.

"வாங்கிப் போனவர்கள் திருப்பித் தருவதில்லை"

பீரோ நடத்த ஆசைப்படும் எல்லோரும் கேட்கும் கேள்வி. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோ திருப்பிக் கேட்டார். அவர் கொடுத்தது விவசாயிகளுக்கு. நாம் கொடுப்பது பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவருக்கும் சேர்த்து. எங்கள் கணக்கும் இரட்டிப்புதான், ஆனால் அவருக்கு அது பெரிய பாரம்.

திரும்பாததற்குக் காரணம் பேராசை என்று முதலில் நினைத்தேன். தேடிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெட்கம். செடி செத்துவிட்டது, எப்படி முகத்தைக் காட்டுவது என்று அந்தத் தெருவையே சுற்றிப் போகிறார்கள். அதனால் "விதை எங்கே?" என்று கேட்பதை விட்டுவிட்டு "செடி என்னாச்சுங்க?" என்று கேட்கிறோம். செத்த கதையைச் சொன்னாலே கணக்கு தீர்ந்தது. அந்தக் கதையிலிருந்துதான் இந்தப் பக்கத்தின் பாதி வந்தது. தன் விதை இல்லாதவர் வேறொரு விதை தரலாம், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விதை புடைத்துக் கொடுக்கலாம்.

எது எப்படி இருந்தாலும் ஒவ்வொரு விதையிலும் மூன்றில் ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் தனி டப்பாவில், முடிந்தால் தனி வீட்டில் வையுங்கள். எங்களுடையது மலையில் இருக்கிறது.

"இப்படிக் கொடுத்து வாங்குவது சட்டப்படி தப்பில்லையா?"

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பிரிவு 39. பதிவு பெற்ற ரகமாக இருந்தாலும் உழவர் தன் விளைச்சலில் வந்த விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பகிர, விற்கவும் உரிமை உண்டு. கம்பெனிப் பெயர் ஒட்டிய பாக்கெட்டாக விற்பதுதான் கூடாது.

"பாட்டிலில் கடைசிப் பத்து விதைதான் இருக்கிறது, பழசு வேறு"

யாருக்கும் கொடுக்காதீர்கள். துணிச் சோதனையும் வேண்டாம், சோதிக்க அதில் விதை இல்லை. பத்தையும் தனித்தனிக் குழித்தட்டில், சலித்த தேங்காய் நார்க் கழிவில், உங்கள் கண்ணெதிரே வையுங்கள். மூன்று வாரம் வரை தட்டைக் கொட்டாதீர்கள், கிழ விதை மெதுவாகத்தான் எழும். முளைத்தவை மூன்றானாலும் சரி, இரண்டானாலும் சரி, அந்த வருடம் அதிலிருந்து ஒரு காயும் குழம்புக்குப் போகக் கூடாது. எங்கள் பீரோவில் ஒரு வரிக் கத்தரி அப்படி இரண்டு செடியில் நின்றது. இரண்டிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, காய் இப்போதுதான் மஞ்சளாகிறது.